மினிக்காயிலிருந்து வந்த வரன்

1956ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, மூசா தக்ரு என்னும் சுக்கானி இராயபுரம் கல்மண்டபத்தை அடுத்த சந்தொன்றிலிருந்த அஜீசுன்னிசாவின் வீட்டிற்கு வந்து, அவருடைய மகள் ஜெரினாவைத் தனக்கு மணம் செய்து தருமாறு கேட்டான். கேட்டதில் குற்றமில்லை, கேட்ட முறைதான் பிழையாகிவிட்டது. தகப்பன் இல்லாத பெண்ணை அவளுடைய அண்ணனிடத்திலே கேட்பதுதான் அவ்வூர் வழக்கம். அதுவும் வரன் தானே நேரில் வந்து கேட்கலாகாது.

மூசா, துறைமுகத்திற்குள் கப்பல்களை இழுத்துவரும் நீராவிப் படகில் சுக்கான் பிடிப்பவன். முப்பது வயதைக் கடந்தவன், மெலிந்த உடல், எதிரிலிருப்பவர் முகத்தை நேரே பார்த்துப் பேசும் பழக்கம் உடையவன். அவனுடைய சொந்த ஊர் அரபிக்கடலின் நடுவே இருக்கும் மினிக்காய்த் தீவு. தமிழை அவன் கற்றது துறைமுகத்தில். ஆதலால் இராயபுரத்துப் பேச்சையே ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவான். படகின் கித்தான் உறைகளைத் தைக்கக் கொடுப்பதற்காக அவ்வீட்டிற்கு அவன் முன்னரும் வந்ததுண்டு. ஜெரினா திரைக்கு அப்பாலிருந்து அளவு கேட்பாள், அவன் சொல்வான். ஒருமுறை, தைத்த மடிப்பைப் பார்த்து, "இது பொயலுக்குத் தாங்குமா?" என்று கேட்டான். "தாங்கலேன்னா பொயல்லேந்து பொழச்சு வந்து திருப்பிக் குடு" என்றாள் அவள். அந்த மறுமொழி அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

அவன் வந்து நின்றபொழுது, மீன்காரி கோவிந்தம்மா வாசற்படியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, அஜீசுன்னிசாவோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சுக்கானி, கிழிஞ்ச படுதா எதுனா கொண்ணாந்தியா?" என்றாள் அவள்.

"இல்ல. அம்மாகிட்ட ஒரு பேச்சு."

"பேசு. நானு காதப் பொத்திகினு குந்திக்கிறேன்." அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

மூசா தொப்பியைச் சரிசெய்துகொண்டு அஜீசுன்னிசாவைப் பார்த்தான். "அம்மா, ஜெரினாவைக் கட்டிகினு நான் இந்த வூட்டுக்கு வரலாமா?"

கோவிந்தம்மாவின் கையிலிருந்த வஞ்சிரம் கூடைக்குள் நழுவியது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் எந்திரத்தின் ஓசையும் நின்றது.

"எம் மவங்கிட்ட கேட்டியா நைனா?" என்றார் அஜீசுன்னிசா.

"வூடு உங்களுதாச்சே. உங்களைத்தானே கேக்கணும்."

அவன் சொன்னது உண்மையே. அந்த வீடு அஜீசுன்னிசாவின் திருமணத்தின்போது அவர் கணவர் மஹர் என்னும் மணக்கொடையாக எழுதிக் கொடுத்தது. ஆயினும் அதனை அவ்வாறு நினைவில் வைத்திருந்தவர் இராயபுரத்தில் எவருமிலர். அஜீசுன்னிசாவே ஏறத்தாழ மறந்துவிட்டிருந்தார். எல்லோருக்கும் அது அத்தாவுல்லாவின் வீடு. அத்தாவுல்லா அவருடைய மகன். கப்பல்களுக்குக் கயிறும் கித்தானும் கொடிகளும் விற்கும் கடை ஒன்றைக் கடற்கரைச் சாலையில் நடத்திவந்தான். மனைவி ரஹீமுன்னிசாவோடும் குழந்தைகளோடும் கடையின் மாடியிலேயே குடியிருந்தான். தாயும், தங்கை ஜெரினாவும், அவள் மகள் சாபிராவும் கல்மண்டபத்து வீட்டில் இருந்தார்கள். கடைக்கு வேண்டிய தையல் வேலையை ஜெரினா வீட்டிலிருந்தே செய்து கொடுத்தாள்.

ஜெரினாவின் கணவன் மஞ்சட்காமாலையில் இறந்தபொழுது சாபிரா கைக்குழந்தை. இப்பொழுது அவள் பள்ளிக்கூடம் போகும் சிறுமி. இடையில் ஜெரினாவுக்கு வந்த வரன்கள் சிலர். எல்லோரும் நல்லவர்களே, எல்லோரும் ஒரே நிபந்தனையைத்தான் சொன்னார்கள்: பெண் வரட்டும், பிள்ளை வரவேண்டா. அண்மையில் வந்தவர் பழைய வண்ணாரப்பேட்டைத் தோல் வணிகர் அமீருதீன். மனைவியை இழந்தவர், வசதியுள்ளவர். அவரும் அதையே சொன்னார். சாபிராவைத் தன் மாடியில் தன் பிள்ளைகளோடு வளர்ப்பதாக அத்தாவுல்லா ஒப்புக்கொண்டு, அமீருதீனுக்கு ஏறத்தாழ வாக்கும் கொடுத்துவிட்டான். தங்கைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று அவன் மெய்யாகவே நம்பினான். ஜெரினாவோ, "எம் பொண்ண வுட்டுட்டு நான் எங்கியும் போவ மாட்டேன்" என்பதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்கு மறுமணத்தில் வெறுப்பில்லை. தனியே காலம் கழிப்பதில் விருப்பமுமில்லை. மகளை விடாமல் மணக்கவேண்டும், அவ்வளவே.

சுக்கானி பெண் கேட்ட செய்தி, கோவிந்தம்மாவின் கூடையோடு அன்று மாலைக்குள் கடற்கரைச் சாலைக்குச் சென்றுவிட்டது.

அத்தாவுல்லாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் வணிகன். கோபத்திற்கு முன்னர் விசாரணை என்பது அவன் பழக்கம். எதிர்க்கடையில் மாசிக் கருவாடும் மளிகையும் விற்ற காயல்பட்டினத்து லியாகத் அலியிடம் சென்றான். அங்கே துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் துரை, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"மினிக்காயா?" என்றான் துரை, கேளாமலே. "அது பொம்பள ராஜ்யம் பாய். அங்க போன ஆம்பளய ஆட்டுக்கல்லுல கட்டிப் போட்டு மாவாட்ட வுட்டுடுவாளுங்களாம்."

"நீ உன் பொஞ்சாதிக்கு ஆட்டிக் குடுக்குறது இல்லியோ?" என்றார் லியாகத் அலி.

"அது வேற பாய். அது பிரியத்துல ஆட்டறது."

லியாகத் அலி கள்ளிக்கோட்டைக்குச் சென்று மாசி வாங்கிவரும் பழக்கமுடையவர். மினிக்காய் மக்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர். அவர் சொன்னது இது. மலையாளக் கரைக்கு மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளில் தெற்குக் கோடியிலுள்ளது மினிக்காய். அதற்கும் தெற்கே மாலத்தீவு. தேங்காய்க் கீற்றைப்போல் வளைந்து நீண்ட ஒரே நிலம். உள்வளைவில் அலையடங்கிய நீர்ப்பரப்பு. வெளிப்புறம் பாறையும் பெருங்கடலும். வெள்ளைக்காரர் கட்டிய பெரிய கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு. கொழும்பை நோக்கிச் செல்லும் கப்பல்கள் அதனைக் கண்டுதான் வழி பிடிக்கும். முற்காலத்தில் கண்ணனூர் அரசியான பீவிக்கு உரியதாயிருந்த அத்தீவு, பின்னர் மலபார் கலெக்டரின் ஆட்சிக்குள் வந்தது. பேச்சு மலையாளமும் அன்று, தமிழும் அன்று. மாலத்தீவுப் பேச்சுக்கு உறவு. தென்னையும் சூரை மீனுமே விளைவு. ஆண்கள் பெரும்பாலும் கப்பலில்.

"அப்போ ஊரை யாரு பாத்துக்கறது?" என்றான் அத்தாவுல்லா.

"பெண்டுகதான். குடியிருப்புக்குக் குடியிருப்பு ஒரு தலைவன், ஒரு தலைவி. ஆம்பளை கடல்லே கெடக்கானே, தம்பி. வீடு, நிலம், பிள்ளை எல்லாம் தாய் வழிக்கு. அங்கே பொண்ணு கட்டுனா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போவான். பொண்ணு வீட்டுப் பேருதான் அப்புறம் அவனுக்குப் பேரு."

"வூட்டோட மாப்பிள்ளையா?"

"எங்க காயல்லயும் பொண்ணுக்குத்தானே வீடு குடுக்கோம். அதுலே என்ன?"

"நாங்க காயல் இல்லே பாய்" என்றான் அத்தாவுல்லா. "இது ராயபுரம். இங்க வூட்டோட மாப்பிள்ளைன்னா சோத்துக்கு வந்தவன்னு அர்த்தம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மூசாவைக் கல்மண்டபத்து வீட்டிற்கு வரச்சொன்னான். நடுவராக லியாகத் அலியை அழைத்துக்கொண்டான். ஆண்கள் முன்கூடத்தில் அமர்ந்தனர். அஜீசுன்னிசாவும் ஜெரினாவும் திரைக்குப் பின்னால் இருந்தனர். சாபிரா இரண்டு பக்கத்திலும் இருந்தாள்.

அத்தாவுல்லா, வரனைக் கேட்கவேண்டிய கேள்விகளை முறைப்படி கேட்டான். தொழுகை உண்டு. குடி இல்லை. முன்னர் மணமானதுண்டா? உண்டு, மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள், குழந்தையும் இல்லை. வேலை நிலையானதா? நிலையானதே.

"சொந்த வூடு கீதா?"

"இல்ல."

"வாடகைக்கா?"

"மாலுமிங்க தங்கற விடுதியிலே ஒரு கட்டில்."

"நான் ஊர்லே கேக்கறேன். உங்க தீவுலே."

"ஊர்லயும் இல்ல" என்றான் மூசா. அதைச் சொல்ல அவன் சிறிதும் தயங்கவில்லை. "எங்கம்மா வூடு கீது. அது எங்க அக்காளுக்கு. அப்புறம் அக்கா பொண்ணுங்களுக்கு. ஆம்பளைக்கு வூடு எதுக்கு?"

லியாகத் அலி ஏதோ விளக்கத் தொடங்கினார். அத்தாவுல்லா கையமர்த்தினான். இராயபுரத்தில் வரன் தேடும் எவனும் முதலில் பார்ப்பது மாப்பிள்ளை வீட்டைத்தான். கூரை எப்படி, கிணறு எப்படி, மாமியார் எப்படி என்று பார்த்துவந்த பின்னரே மற்றப் பேச்சு. இங்கே பார்ப்பதற்கு வீடு என ஒன்று இல்லை. இல்லை என்பதை அவன் வெட்கமின்றிச் சொல்லவும் செய்கிறான்.

"சம்பளம் எங்க போவுது?"

"பாதி அக்கா வூட்டுக்கு."

"கட்டிகினப்புறமும்?"

"கட்டிகினப்புறமும். மீதி இந்த வூட்டுக்கு. வருசத்துலே ஒரு தபா, கடல் நல்லா இருக்கறப்போ, ஊருக்குப் போய் அவங்களைப் பாத்துட்டு வருவேன். பொய் சொல்லிட்டு அப்புறம் சண்டை வேணாம்."

"கேட்டுகினீங்களா பாய்?" என்று லியாகத் அலியிடம் திரும்பினான் அத்தாவுல்லா. "வூடு கெடையாது, வாசல் கெடையாது, சம்பளத்துல பாதியும் கெடையாது. பாதி மாப்பிள்ளை."

அப்பொழுது திரைக்குப் பின்னாலிருந்து ஜெரினா பேசினாள். வரனோடு பெண் நேரே பேசுவது வழக்கமன்று. ஆயினும் அவள் ஏற்கெனவே அவனோடு கித்தான் அளவு பேசியவள்.

"எனக்கு ஒரு பொண்ணு கீது. அத்த இன்னா பண்றதா உத்தேசம்?"

மூசாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "எத்த இன்னா பண்றது?"

"கட்டிகினா எம் பொண்ணு எங்கூட இருக்கலாமா, கூடாதா?"

அவன் அத்தாவுல்லாவைப் பார்த்தான்; லியாகத் அலியைப் பார்த்தான்; பின்னர் திரையை நோக்கிச் சொன்னான். "கொழந்தை தாய் வூட்லதானே இருக்கும்? அது இங்கியே பொறந்து வளந்த பொண்ணு. நான்தான் புதுசா வர்றவன். என்னை உள்ளே வுடலாமா கூடாதான்னு அந்தப் பொண்ணைத்தான் கேக்கணும்."

சாபிரா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவனைக் கூர்ந்து பார்த்தாள். மூசா போன பிறகு ஜெரினா அண்ணனிடம் வந்து, "நான் இவரைக் கட்டிக்கறேன்" என்றாள்.

"வூடில்லாதவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்."

"வூடு எங்கிட்ட கீது" என்றார் அஜீசுன்னிசா. "எம் மஹர் வூடு."

அத்தாவுல்லா தாயை ஏறிட்டுப் பார்த்தான். அவ்வளவு காலத்தில் அவர் அச்சொல்லை எடுத்தது அதுவே முதன்முறை. "சரி, உன்னுதுதான். எம் மூஞ்சி என்னுது. கடையாண்ட வர்றவன் போறவன்லாம், தங்கச்சி வூட்ல ஒருத்தன் வந்து குந்திகினு கீறானாமேன்னு சிரிப்பான். அமீருதீனுக்கு நான் இன்னா சொல்றது?"

"நான் மாட்டேன்னு சொல்லிட்டேன்னு சொல்லு" என்றாள் ஜெரினா.

இவ்விடத்தில் வழக்கு நின்றுவிட்டது. அவர்கள் ஷாபி என்னும் சட்ட மரபினர். அம்மரபில் பெண்ணின் பொறுப்பாளனாகிய அண்ணன் வாய்திறந்து கொடுத்தாலன்றி நிக்காஹ் இல்லை. கைம்பெண் தன் வாயால் சம்மதம் சொன்னாலன்றியும் நிக்காஹ் இல்லை. மூசாவுக்கு இவன் கொடான். அமீருதீனுக்கு அவள் சம்மதியாள். அண்ணனும் தங்கையும் ஒருவரோடொருவர் பேசாமல் சில நாள் கழிந்தன. தைத்த கொடிகளைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அஜீசுன்னிசாவே நடக்கவேண்டியதாயிற்று.

முடிவில் லியாகத் அலி ஒரு வழி சொன்னார். வரன் தானே வந்து கேட்டதுதானே முதற்குற்றம்? அவன் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து முறையாகக் கேட்கட்டும். வந்தால் பேசலாம், வராவிடில் ஜெரினா அமீருதீனுக்குச் சம்மதிக்கட்டும். அத்தாவுல்லா உடனே ஒப்புக்கொண்டான். தென்மேற்குப் பருவக்காற்று நிற்கும்வரை மினிக்காய்க்குப் படகில்லை என்பதை அவன் முன்னரே விசாரித்து வைத்திருந்தான். நடுக்கடலிலிருந்து ஒரு கிழவர் இராயபுரத்துச் சந்து ஒன்றைத் தேடி வருவார் என்றும் அவன் நம்பவில்லை. அமீருதீனிடம் கார்த்திகை வரையில் தவணை கேட்டுக்கொண்டான். ஜெரினா நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். அவளுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

புரட்டாசியில் மூசா விடுமுறை பெற்றுக்கொண்டு கள்ளிக்கோட்டைக்கு இரயிலேறினான். முதற்படகுக்காக அங்கே காத்திருக்கவேண்டும்.

ஐப்பசி பிறந்தது, செய்தி ஒன்றுமில்லை. துரை கயிற்றுக்கடைப் பக்கம் வரும்போதெல்லாம், "இன்னா பாய், ஆட்டுக்கல்லுல கட்டிட்டாளுங்களா?" என்பான். கோவிந்தம்மா ஜெரினாவிடம், "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடேன்னு சொல்லுவாங்க. உன் ஆளு மாசி நாத்தத்தோட வருவான், பாரு" என்றாள்.

"வந்தா சரி" என்றாள் ஜெரினா. அவள் அந்நாள்களில் தையல் எந்திரத்தை விட்டு எழுந்திருப்பது குறைந்துவிட்டது. சாபிரா பள்ளியிலிருந்து வரச் சற்றுத் தாமதமானாலும் சந்து முனைவரை போய்ப் பார்த்துவந்தாள்.

நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டன. அதுவரை சென்னை இராஜ்யத்திலிருந்த மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. தீவுகள் எல்லாவற்றையும் தில்லி அரசு தன் நேர் ஆட்சியில் எடுத்துக்கொண்டது. லியாகத் அலி செய்தித்தாளில் அதைப் படித்துக் காட்டியபொழுது அத்தாவுல்லாவுக்கு ஒருவகை நிறைவு உண்டாயிற்று.

"பாத்தீங்களா? பொண்ணு கேக்கறப்போ நம்ம ராஜ்யம். இப்போ இல்லே."

"அவன் தீவு எடத்தைவிட்டு நகரலியே தம்பி" என்றார் லியாகத் அலி.

அதற்கடுத்த வாரம், வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், மூசா திரும்பி வந்தான். அவனோடு அவன் தாய்மாமன் உசேன் தக்ருவும் வந்திருந்தார். பாய்மரக் கலங்களில் வழிகாட்டியாயிருந்து முதுமையடைந்தவர், குள்ளமானவர், வெண்தாடி, தைத்த தொப்பி. கல்கத்தாவில் பழகிய இந்துஸ்தானி அவருக்குத் தெரியும். கடைத்தெரு இந்துஸ்தானி அத்தாவுல்லாவுக்கும் தெரியும். ஆதலால் பேச்சுக்கு இடையூறு இல்லை.

அத்தாவுல்லா முன்கூடத்தில் பாய் விரிக்கச்செய்து, புதுச் சட்டை அணிந்து, பெண் கொடுக்கும் வீட்டாருக்குரிய மிடுக்கோடு அமர்ந்திருந்தான். பெரியவர் பணிவாகக் கேட்பார். தான் மரியாதையாக மறுக்கவேண்டும். சொற்களைக்கூட ஆயத்தம் செய்து வைத்திருந்தான்.

உசேன் தக்ரு சலாம் சொன்னார். மாசி நிறைந்த ஓலைப்பெட்டி ஒன்றை அஜீசுன்னிசாவிடம் சேர்ப்பித்தார். ஆனால் உட்காரவில்லை. "முதலில் வீட்டைப் பார்த்துவிடுகிறேன்" என்றார்.

"எந்த வீட்டை?" என்றான் அத்தாவுல்லா.

"இந்த வீட்டைத்தான். எங்கள் பிள்ளை வந்து இருக்கப்போகும் வீடு."

அவர் மெல்ல நடந்து முன்கூடத்தைப் பார்த்தார். சன்னற்கட்டையில் ஒரு விரலை வைத்து இழுத்து, கறுத்துப்போன விரல்நுனியை மூசாவிடம் காட்டினார்.

"அது துறைமுகத்துக் கரித்தூள்" என்றான் அத்தாவுல்லா. "இராயபுரத்தில் எந்த வீட்டிலும் இருக்கும்."

"எங்கள் ஊரில் சன்னலை நாளுக்கு இருமுறை துடைப்பார்கள்" என்றார் பெரியவர். கொல்லைக்குப் போனார். கிணற்று நீரைக் கையில் அள்ளி நாவில் வைத்து, துப்பினார். "உப்பு."

"குடிக்கத் தெருக்குழாய் இருக்கிறது."

"எவ்வளவு தொலைவு?"

"சந்து முனையில்."

"பெண்கள் அவ்வளவு தொலைவு குடம் சுமக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் உள்ளறைக்குத் திரும்பினார். அவர் நின்ற இடத்திற்கு மேலே உடைந்த ஓடு ஒன்று இருந்தது. அதனை மாற்றித் தரும்படி அஜீசுன்னிசா ஈராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தாவுல்லா நாளை நாளை என்றிருந்தான். மழைநீர் சொட்டுச் சொட்டாகப் பெரியவர் தொப்பியில் விழுந்தது. அவர் விலகவில்லை. தலையை உயர்த்தி ஓட்டைப் பார்த்தார். பின்னர் மருமகனைப் பார்த்தார்.

"நீ படுக்கப்போகும் அறை இதுவா?"

"ஆம்" என்றான் மூசா.

திரைக்குப் பின்னால் கோவிந்தம்மாவின் அடக்கிய சிரிப்புக் கேட்டது. அவள் அன்று மீன் விற்கப் போகவில்லை.

உசேன் தக்ரு முன்கூடத்திற்கு வந்து அமர்ந்தார். "மகனே" என்று அத்தாவுல்லாவை விளித்தார். "என் தங்கை வயதானவள். தீவை விட்டு வரமுடியாதவள். 'என் பிள்ளை போய் இருக்கப்போகும் வீட்டை நீதான் பார்த்துவிட்டு வரவேண்டும், நான் உன் கண்ணால்தான் பார்ப்பேன்' என்று சொல்லி என்னை அனுப்பினாள். எங்கள் ஊரிலும் அவனை வரச்சொல்லிக் கேட்கும் வீடுகள் உண்டு. நல்ல வீடுகள், கிணற்றில் இனிய நீர். இங்கே கூரை ஒழுகுகிறது, சுவரில் கரி படிகிறது. மாமியார் நல்லவர் என்று தெரிகிறது. ஆயினும் எங்கள் பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போவதற்கு என் மனம் ஒப்பவில்லை."

அத்தாவுல்லா ஆயத்தம் செய்துவைத்திருந்த சொற்கள் எவையும் இதற்குப் பொருந்தவில்லை. பெண் வீட்டார் மறுக்கலாம். வரனின் வீட்டார் வரதட்சிணை போதாதென்று மறுக்கலாம். வீடு போதாதென்று ஒருவர் மறுத்து அவன் கேட்டதில்லை. அந்தக் கூரையின்கீழ்தான் அவன் பிறந்தான். அவன் தகப்பனின் ஜனாஸா அந்த வாசலிலிருந்துதான் புறப்பட்டது. அவன் முகம் சிவந்தது. இந்துஸ்தானி அவனை விட்டுப் போயிற்று.

"இன்னா கொறையக் கண்டுட்டாரு இவரு?" என்று மூசாவிடம் இரைந்தான். "ஒரு ஓடு ஒடஞ்சிருக்குது. அத்த நாளைக்கி மாத்திடுவேன். தெருக்குழாய்த் தண்ணிய கொண்ணாந்து தொட்டி கட்டி ஊத்தறதுக்கு எனக்கு வக்கில்லியா? எந் தங்கச்சி வூட்டுக்கு இன்னா கொறைன்னு கேக்கறேன். இந்தத் தெருவுலே வந்து இருக்கறதுக்கு எவனாயிருந்தாலும் குடுத்து வெச்சிருக்கணும். சொல்லு உம் மாமங்கிட்ட. அப்பிடியே சொல்லு."

மூசா சொன்னான். பெரியவர் பொறுமையோடு கேட்டார்.

"கூரையை நாளைக்கே மாற்றிவிடுவாரா?"

"நாளைக்கே" என்றான் அத்தாவுல்லா.

"தண்ணீர்த் தொட்டி?"

"அடுத்த வாரம்."

லியாகத் அலி தாடியைத் தடவிக்கொண்டு, "தம்பி, அப்போ நீ பொண்ணைக் குடுக்கேன்னு சொல்லுதியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தாவுல்லா பேச்சை நிறுத்தினான். அவன் திரையைப் பார்த்தான். ஜெரினா திரையைச் சற்று விலக்கி நின்றாள். சாபிரா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். தங்கை தன்னைப் பார்த்து எதையும் வேண்டவில்லை என்பதை அவன் கண்டான். வேண்டுவதையெல்லாம் அவள் ஆடியிலேயே வேண்டி முடித்துவிட்டாள்.

"பாதி சம்பளம் பத்தாது" என்றான் அவன், சற்றுக் குரல் தணிந்து.

"எனக்குப் பத்தும்" என்றாள் ஜெரினா. "மீதிக்கு நான் தைக்கிறேன்."

"வருசா வருசம் ஊருக்குப் போயிடுவாரு."

"போயிட்டு வரட்டும். திரும்பி வர்றவருதான்னு பாத்துட்டமே."

அத்தாவுல்லா எழுந்தான். "அமீருதீன்கிட்ட நான்தான் போவணும்" என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னான். செருப்பை மாட்டிக்கொண்டவன், வாசலில் திரும்பி நின்று, "ஓட்டுக்காரனை இப்பவே அனுப்பறேன். பெரியவரை அது வரைக்கும் இங்கியே குந்தச் சொல்லு, உள்ளே போனா நனைவாரு" என்றான்.

நிக்காஹ் கார்த்திகையில் நடந்தது. அத்தாவுல்லா பொறுப்பாளனாக அமர்ந்து வாய்திறந்து தங்கையைக் கொடுத்தான். ஜெரினா தன் சம்மதத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து மும்முறை சொன்னாள். மூன்று முறையும் தெளிவாகக் கேட்டது. மாலையில், மணப்பெண்ணைப் புகுந்த வீட்டிற்கு அழுது வழியனுப்புவது முறையாதலால், தெருப் பெண்கள் பலர் நல்ல புடைவை உடுத்து வந்து காத்திருந்தனர். பெண் புறப்படுவதாய்க் காணோம்.

"இன்னா பாயம்மா" என்றாள் கோவிந்தம்மா, "அழுவலாம்னு வந்து எத்தினி நேரமா நிக்கறோம்."

"யாரும் எங்கியும் போவலே" என்றார் அஜீசுன்னிசா. "வர்றவருக்கு வோணும்னா அழுவு."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூசா சந்துக்குள் நுழைந்தான். ஒரு தகரப்பெட்டியைத் தோளில் சுமந்திருந்தான். சுருட்டிய பாயொன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். பின்னால் அவன் மாமன் குடைபிடித்து வந்தார். துரையும் வேறு சிலரும் சந்து முனையில் நின்று சிரித்தார்கள். அத்தாவுல்லா அவர்களைத் திரும்பிப் பார்த்தான். பின்னர் இறங்கிச் சென்று, பாயை மைத்துனன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவனோடு நடந்துவந்தான்.

மூசா வாசற்படியில் நின்று பெட்டியை இறக்கினான். சாபிரா நிலைப்படியில் இரு கைகளையும் விரித்து நின்றிருந்தாள்.

"உள்ளே வரலாமா?" என்று அவளைக் கேட்டான்.

"பொட்டிய எங்க வெப்பே?"

"நீ சொல்ற எடத்துலே."

"மிஷினாண்ட வெக்காதே. அது நான் குந்தற எடம்."

"சரி."

"அலமாரியாண்டயும் வோணாம்."

"சரி. எங்கதான் வெக்கட்டும்?"

அவள் நன்கு எண்ணிப் பார்த்தாள். தெருவே அவள் தீர்ப்புக்காகக் காத்து நின்றது. உள்ளேயிருந்து ஜெரினாவின் குரல் வந்தது. "சாபிரா, வழிவுட்டு நில்லு. மொதல்ல கால் கழுவிகினு வரச் சொல்லு. பொட்டிய அப்பாலிக்கா பாத்துக்கலாம்."